வெளிநாட்டுக் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி: இந்திய இளநிலை மாணவர்களுக்கு உண்மையில் திறந்திருக்கும் வாயில்கள் எவை?

வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் கோடை விடுமுறையைக் கழிக்க விரும்பும் இந்திய இளநிலை மாணவர் இணையத்தில் தேடத் தொடங்கினால், பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது அமெரிக்காவின் 'ஆர்.இ.யு.' திட்டம்தான். அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியளிக்கும் இத்திட்டத்தின்கீழ், நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் இளநிலை மாணவர்களைச் சுமார் 10 வாரங்களுக்கு ஆய்வகங்களில் சேர்த்துக்கொள்கின்றன. உதவித்தொகை உண்டு, தங்குமிடமும் பெரும்பாலும் உண்டு. பட்டியல் நீளமானது, பாடப்பிரிவுகள் பல. ஆனால் தகுதி விதிகளில், மாணவர்கள் பெரும்பாலும் படிக்காமல் கடந்துவிடும் ஒரு வரி இருக்கிறது. அறக்கட்டளையின் நிதியைப் பெறும் மாணவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, அந்நாட்டின் நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருத்தல் வேண்டும் என்பதே அது.

இந்த விதியில் சூழ்ச்சி ஏதுமில்லை. தம் நாட்டு இளைஞர்களை அறிவியல் துறைக்கு ஈர்ப்பதற்காக அமெரிக்க வரிப்பணத்தில் நடத்தப்படும் திட்டம் அது. அந்நாட்டு எரிசக்தித் துறை தன் தேசிய ஆய்வகங்களில் நடத்தும் இளநிலைப் பயிற்சியும், தேசிய சுகாதார நிறுவனங்களின் கோடைக்காலப் பயிற்சியும் இதே அளவுகோலைத்தான் கொண்டுள்ளன. எனினும் ஆண்டுதோறும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்தியக் கல்லூரி மாணவர்கள் இத்தகைய திட்டங்களுக்குக் கட்டுரை எழுதியும், பரிந்துரைக் கடிதம் கேட்டு அலைந்தும் வாரக்கணக்கில் காலத்தைச் செலவிடுகின்றனர். 'உலகின் சிறந்த 50 ஆய்வுப் பயிற்சிகள்' என்ற வகையில் வெளியாகும் இணையப் பட்டியல்கள் குடியுரிமை நிபந்தனையைக் குறிப்பிடுவதே அரிது. எனவே எந்தத் திட்டமாயினும் முதலில் தகுதிப் பகுதியைப் படிப்பதும், நிதி யாருடையது என்று பார்ப்பதும் நல்லது. நிதி எந்த அரசிடமிருந்து வருகிறதோ, அந்த அரசின் நோக்கத்தை ஒட்டியே வாயிலும் திறக்கும்.

அமெரிக்க மாணவர்களுக்கேகூட இந்த வாய்ப்புகள் அண்மையில் சுருங்கியுள்ளன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டின் கோடைக்காலப் பயிற்சியைத் தேசிய சுகாதார நிறுவனங்கள் முற்றிலுமாக ரத்து செய்தன. அறிவியல் நிதிக் குறைப்பு பற்றிய அச்சத்தில் பல பல்கலைக்கழகங்களும் தம் திட்டங்களைச் சுருக்கிக்கொண்டன. உள்நாட்டு மாணவர்க்கே இடம் குறையும்போது, வேறு நிதியைக் கொண்டு வெளிநாட்டு மாணவர் ஓரிருவரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் குறையும்.

இரு நாட்டு ஒப்பந்தங்களின் வழி

அமெரிக்காவில் இந்திய மாணவர்களுக்கென்றே அமைந்த வழி ஒன்று உண்டு. இந்திய-அமெரிக்க அறிவியல் தொழில்நுட்ப மன்றம், இந்திய அரசுத் துறைகளுடனும் அமெரிக்கத் தரப்புடனும் இணைந்து நடத்திவந்த இரு உதவித்தொகைத் திட்டங்கள் இவ்வகையில் முதன்மையானவை. ஒன்று எஸ்.என்.போஸ் பெயராலும், மற்றொன்று ஹர் கோவிந்த் கொரானா பெயராலும் அமைந்தவை. கொரானா திட்டம் 2007இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தோடு தொடங்கியது. மரபுக் குறியீட்டைப் படித்தறிந்து 1968இல் நோபல் பரிசு பெற்ற கொரானா அப்பணியின் பெரும்பகுதியைச் செய்தது அங்குதான். இது உயிரித் தொழில்நுட்பம் சார்ந்தது. போஸ் திட்டம் அறிவியல், பொறியியல் துறைகளுக்கானது. அங்கீகாரம் பெற்ற இந்தியக் கல்வி நிறுவனத்தில் பயிலும் மாணவர் என்பதே அடிப்படைத் தகுதி, ஐ.ஐ.டி. மாணவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இவை அரசுகளுக்கிடையேயான ஏற்பாடுகள் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வெளிவரும் காலம் மாறக்கூடும். பழைய ஆண்டின் கடைசித் தேதியை நம்பிக் காத்திராமல், மன்றத்தின் இணையதளத்தைச் செப்டம்பர் முதலே பார்த்துவருவது பாதுகாப்பானது.

அரசு நிதியில் அமெரிக்கா செல்பவர் கவனிக்க வேண்டிய விசா நுணுக்கம் ஒன்றுண்டு. ஆய்வுப் பயிற்சிக்கு வழக்கமாக வழங்கப்படுவது 'ஜே-1' பரிமாற்ற விசா. இவ்விசாவில் செல்வோரில் குறிப்பிட்ட துறையினர் தாயகம் திரும்பி ஈராண்டுகள் தங்கிய பின்னரே எச்-1பி போன்ற விசாக்களைப் பெற முடியும் என்ற விதி இந்தியர்களுக்கு நெடுங்காலம் பொருந்திவந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் திறன் பட்டியலைத் திருத்தியபோது இந்தியா அதிலிருந்து நீக்கப்பட்டது. செய்தி பரவலாக வரவேற்கப்பட்டது. ஆனால் இந்திய அல்லது அமெரிக்க அரசின் நிதியுதவியில் செல்வோருக்கு ஈராண்டு விதி இன்னும் நீடிக்கிறது. பின்னாளில் அமெரிக்காவிலேயே வேலை தேடும் எண்ணமுடையவர், உதவித்தொகை எங்கிருந்து வருகிறது என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நன்று.

தனிப்பட்ட பல்கலைக்கழகங்களின் திட்டங்களில் கால்டெக் நிறுவனத்தின் 'சர்ஃப்' குறிப்பிடத்தக்கது. 1979இல் தொடங்கிய இத்திட்டத்தில் வெளி மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நெறியாளரை மாணவரே முன்னதாகக் கண்டுபிடித்து, அவருடன் சேர்ந்து ஆய்வு முன்மொழிவு ஒன்றை எழுத வேண்டும். படிவம் நிரப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இது புதிய உழைப்பு.

ஒரே நாடு, இரு விதி

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான 'டாட்' நடத்தும் இரு திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் வாய்ப்புப் பகிர்வு எப்படி நடக்கிறது என்பது விளங்கும். 'ரைஸ்' என்ற திட்டம் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களுக்கானது. ஜெர்மன் ஆய்வாளர்கள் தம் பணிகளைப் பட்டியலிடுவர். மாணவர்கள் அவற்றிலிருந்து தேர்ந்துகொள்வர். இந்திய மாணவர்களுக்காக நெடுங்காலம் நடத்தப்பட்டுவரும் திட்டம் 'வைஸ்'. இதில் பட்டியல் கிடையாது. மாணவரே ஜெர்மன் பேராசிரியர் ஒருவருக்கு எழுதி, அழைப்புக் கடிதம் பெற்று, அதனை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் மேலாக, ஐ.ஐ.டி., ஐசர், என்.ஐ.டி., இந்திய அறிவியல் கழகம் போன்ற தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களின் மாணவர்களே விண்ணப்பிக்கத் தகுதியுடையோர்.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் நிர்வாக வசதி. வருகின்ற விண்ணப்பங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த ஏதேனும் ஒரு வடிகட்டி தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வடிகட்டி மாணவரின் ஆய்வுத்திறனை அளக்கவில்லை. பதினேழாம் வயதில் எழுதிய நுழைவுத்தேர்வின் முடிவை இருபதாம் வயதில் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறது, அவ்வளவே. இந்திய மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளிலும் படிக்கின்றனர். அவர்களில் ஒருவர் எத்தனை நல்ல அழைப்புக் கடிதத்தைப் பெற்றாலும் பட்டியலில் கல்லூரியின் பெயர் இல்லையெனில் பயனில்லை. எனவே கல்லூரிப் பட்டியலை முதலில் சரிபார்த்துவிட்டுப் பிறகு பேராசிரியர்களுக்கு எழுதத் தொடங்குவதே முறை.

பிரான்ஸ் தூதரகம் வழங்கும் 'ஷார்பாக்' ஆய்வக உதவித்தொகைக்கும் அழைப்புக் கடிதம் தேவை. துகள்களைக் கண்டறியும் கருவியை வடிவமைத்து 1992இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷார்பாக்கின் பெயர் தாங்கிய இத்திட்டம் இந்தியக் கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கென்றே உருவானது.

கனடாவின் திறந்த கதவு

கல்லூரிப் பெயர் பாராத திட்டங்களில் இந்திய மாணவர்களுக்கு மிகவும் பயன்பட்டிருப்பது கனடாவின் 'மிடாக்ஸ் குளோபலிங்க்'. 2009இல் தொடங்கியபோது அதன் முதல் பங்கேற்பாளர்கள் இந்திய மாணவர்களே. இன்று பல நாடுகளுக்கு விரிந்துள்ளது. பயிற்சிக்காலம் 12 வாரங்கள். கனடியப் பேராசிரியர்கள் தம் ஆய்வுப் பணிகளைத் தளத்தில் பதிவிடுவர். மாணவர் பல பணிகளைத் தேர்ந்து, விருப்ப வரிசை அமைத்து, ஒவ்வொன்றிற்கும் தாம் ஏன் பொருத்தமானவர் என்று எழுத வேண்டும். தேர்வுகள் ஒரே மாகாணத்தில் குவியக்கூடாது என்பதும் விதி. டொரன்டோ, வான்கூவர் நகரங்களை மட்டுமே எண்ணியிருந்த மாணவர் இதனால் சஸ்காட்செவனையும் நியூ பிரன்ஸ்விக்கையும் வரைபடத்தில் தேட வேண்டியிருக்கும். பெயர்பெற்ற நகரங்களின் பணிகளுக்கே விண்ணப்பங்கள் குவிவது இயல்பு. ஆகவே அதிகம் அறியப்படாத ஊர்களில் வாய்ப்பு கூடுதல் என எதிர்பார்க்கலாம்.

இத்திட்டத்தில் மாணவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் காலத்தைத்தான். அடுத்த ஆண்டுக் கோடைக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே முடிவடைகிறது. பயிற்சிக்குப் பின் இளநிலைப் படிப்பில் சில பருவங்களேனும் எஞ்சியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மூன்றாண்டு பி.எஸ்சி. மாணவர் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்தாக வேண்டும். நான்காண்டுப் பொறியியல் மாணவருக்கு மூன்றாம் ஆண்டுத் தொடக்கம்வரை அவகாசம். இந்தக் கணக்கு மாணவர் பலருக்கும் மூன்றாம் ஆண்டு டிசம்பரில்தான் தெரியவருகிறது.

அரசியலும் குறுக்கே வரும். இந்திய-கனடா உறவு சீர்குலைந்த 2023 அக்டோபரில் கனடா தன் தூதரக அதிகாரிகள் 41 பேரை இந்தியாவிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. சண்டிகர், மும்பை, பெங்களூரு துணைத் தூதரகங்களில் நேரடிச் சேவைகள் நிறுத்தப்பட்டன. விசா பரிசீலனை தாமதமாகும் என்று கனடா அரசே அறிவித்தது. ஓராண்டுப் படிப்புக்குச் செல்பவருக்கு ஒரு மாதத் தாமதம் இடையூறு மட்டுமே. 12 வாரப் பயிற்சிக்குச் செல்பவருக்கோ அதே தாமதம் வாய்ப்பையே அழித்துவிடும். 2025 மே 27 முதல் ஜூன் 18 வரை அமெரிக்கா மாணவர், பரிமாற்ற விசாக்களுக்கான புதிய நேர்காணல் முன்பதிவுகளை உலகெங்கும் நிறுத்திவைத்தபோதும் நிலை இதுதான். கோடைக்காலப் பயிற்சிகள் தொடங்கும் நாட்களே அவை. முன்பதிவு மீண்டும் தொடங்கியபோது, விண்ணப்பதாரர்கள் தம் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொண்டது.

ஐரோப்பாவும் ஆசியாவும்

ஜெனீவா அருகே அமைந்துள்ள 'செர்ன்' ஆய்வுக்கூடத்தின் கோடைக்கால மாணவர் திட்டத்தில் இந்தியர்களின் நிலை 2017க்குப் பின் மேம்பட்டது. அவ்வாண்டு ஜனவரியில் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடானது. அதன்பின் உறுப்பு நாட்டு மாணவர்களுடன் சேர்ந்து இந்திய மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். இயற்பியலோடு கணினியியல், பொறியியல் மாணவர்களும் எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். ஆனால் கோடைக்குள் மூன்றாண்டுப் பல்கலைக்கழகக் கல்வி முடித்திருத்தல் வேண்டும்.

ஆஸ்திரியாவின் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிக், லோசானில் உள்ள ஈ.பி.எஃப்.எல். ஆகியவையும் எந்நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கக்கூடிய கோடைக்காலப் பயிற்சிகளை உதவித்தொகையுடன் நடத்துகின்றன. போட்டி மிகக் கடுமையானது, குறிப்பாகக் கணினியியலில்.

இவற்றைவிட இந்தியக் கல்லூரி நாட்காட்டிக்கு நன்கு பொருந்துபவை ஆசியாவில் உள்ளன. ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை விண்ணப்பம் பெறுகிறது. பயிற்சி கோடையில்தான் நடைபெற வேண்டும் என்பதில்லை. ஆய்வக மொழி ஆங்கிலம். சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகம் மூன்று முதல் ஆறு மாத ஆய்வுப் பயிற்சியை ஆண்டு முழுவதும் வழங்குகிறது. தங்குமிடமும் மாத உதவித்தொகையும் தருகிறது. சிங்கப்பூரின் 'ஏ-ஸ்டார்' அமைப்பும் தன் ஆய்வகங்களில் வெளிநாட்டு இளநிலை மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. எட்டாம் பருவத்தை முழுவதும் செயல்திட்டத்திற்கு ஒதுக்கும் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு இந்த ஆறு மாத வாய்ப்புகள் ஐரோப்பியக் கோடையைவிட மேலானவை என்றே கருத வேண்டும். இரண்டு மாதத்தில் ஆய்வகத்தின் கருவிகளைப் பழகுவதற்கே காலம் போய்விடும். ஆறு மாதத்தில் ஒரு முடிவையேனும் எட்டலாம்.

பேராசிரியருக்கு எழுதும் கடிதம்

அழைப்புக் கடிதம் கேட்டு எழுதப்படும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை பதிலின்றியே போகின்றன. ஒரே கடிதத்தை 200 பேராசிரியர்களுக்கு அனுப்புவது வீண் என்பது பலருக்கும் தெரிந்ததே. ஆயினும் அதுவே தொடர்கிறது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, கடிதம் பெறுபவர் பெண் என்பதைக்கூடக் கவனியாத மடல்கள் ஏராளம். பேராசிரியர் எதிர்பார்ப்பது மிகக் குறைவானது. அவருடைய அண்மைய ஆய்வுக் கட்டுரை ஒன்றை மாணவர் படித்திருக்க வேண்டும். அதில் எழுந்த கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும். தாம் செய்யத் தெரிந்த ஒரு வேலையைச் சான்றுடன் சொல்ல வேண்டும். வரும் காலத்தையும், நிதியை எந்தத் திட்டத்திலிருந்து பெறுவதாக உத்தேசம் என்பதையும் குறிப்பிட வேண்டும். கடைசியாகச் சொன்னதே முடிவைத் தீர்மானிப்பதுண்டு. சம்பளம் தன் கையிலிருந்து போகாது என்று தெரிந்தால் இளநிலை மாணவர் ஒருவரைச் சேர்க்க ஆய்வகத் தலைவர் தயங்குவது குறையும்.

மூத்த பேராசிரியர்களைவிட, அண்மையில் ஆய்வுக்குழு தொடங்கிய இளம் ஆய்வாளர்களுக்கு எழுதுவது பலன் தரும். அவர்களுக்கு ஆள் தேவை. அஞ்சலைத் தாமே படிக்கவும் செய்கின்றனர்.

காணாத செலவுகள்

உதவித்தொகை உண்டு என்ற அறிவிப்பை மட்டும் பார்க்கும் குடும்பம் கவனிக்கத் தவறுவது, அந்தத் தொகை பெரும்பாலும் சென்று சேர்ந்த பின்னரே கிடைக்கும் என்பது. அமெரிக்கா செல்பவர் விசா விண்ணப்பத்திற்கு 185 டாலரும், பரிமாற்ற மாணவர் பதிவுக்கு 220 டாலரும் முதலில் செலுத்த வேண்டும். இதுவே சுமார் 35,000 ரூபாய். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் மேலும் 250 டாலர் விசாக் கட்டணத்துக்கு வழிசெய்துள்ளது. ஐரோப்பாவின் ஷெங்கன் குறுகிய கால விசா 2024 ஜூன் முதல் 90 யூரோ. இவற்றுடன் விமானக் கட்டணம், காப்பீடு, முதல் மாத வாடகை, விசா நேர்காணலுக்காகப் பெருநகருக்குச் சென்றுவரும் செலவு. பயணச்செலவு திரும்ப வழங்கப்படும் திட்டங்களிலும் முதலில் கட்டுவது மாணவரே. தேர்வாகியும் போகாமல் விடுவோரில் பணத்தால் தடைப்பட்டோர் கணக்கில் வருவதேயில்லை. திட்ட அலுவலகங்களின் ஏட்டில் அவர்கள் 'விலகியோர்' மட்டுமே. கல்லூரிகளோ மாநில அரசுகளோ திருப்பிச் செலுத்தும் முன்பணமாக ஒன்றரை லட்சம் ரூபாய் வழங்கும் ஏற்பாட்டைச் செய்தால் இந்தத் தடையின் பெரும்பகுதி நீங்கும். பணம் திரும்பி வரும் என்பதால் இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடும் தேவைப்படாது.

இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்குக் கூடுதலாகச் சில இடர்கள் உள்ளன. பருவத் தேர்வுகள் மே மாத இறுதிவரை, சில இடங்களில் ஜூன்வரை நீள்கின்றன. பயிற்சியோ மே மாதமே தொடங்கிவிடும். தேர்வு அட்டவணை பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதால் கல்லூரி முதல்வரால் எதுவும் செய்ய இயலாது. பரிந்துரைக் கடிதத்தை ஆசிரியரே நிறுவன மின்னஞ்சல் வழியாகப் பதிவேற்ற வேண்டும் எனப் பல திட்டங்கள் வற்புறுத்துகின்றன. பல கல்லூரிகளில் ஆசிரியர்களுக்கு நிறுவன மின்னஞ்சல் முகவரியே இல்லை. செலவில்லாமல் ஒரு வாரத்தில் சரிசெய்யக்கூடிய குறை இது. சரிசெய்யப்படாததால் நல்ல மாணவர்களின் விண்ணப்பங்கள் முழுமையற்றவை என ஒதுக்கப்படும் நிலை.

பணம் கேட்கும் 'பயிற்சிகள்'

இந்த ஏக்கத்தை நம்பி ஒரு சந்தையே உருவாகியுள்ளது. புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் வளாகக் கட்டடத்தைக் கோடையில் வாடகைக்கு எடுத்து, தனியார் நிறுவனங்கள் இரண்டு வார 'ஆய்வுப் பயிற்சி' நடத்துவதுண்டு. சான்றிதழில் ஊரின் பெயர் இருக்கும். பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்காது. லட்சக்கணக்கில் கட்டணம் செலுத்தி இதில் சேர்வதை முனைவர் பட்டச் சேர்க்கைக் குழுக்கள் ஆய்வு அனுபவமாகக் கொள்வதில்லை. சில உண்மையான நிறுவனங்களும் சிறு விண்ணப்பக் கட்டணம் வாங்குவதுண்டு. ஆனால் தேர்வான பின் 'இடத்தை உறுதிசெய்ய' தனிநபர் கணக்கிற்குப் பணம் அனுப்பச் சொல்லும் எந்தத் திட்டமும் நம்பத்தக்கதன்று. ஆய்வுக் கட்டுரையில் பெயர் சேர்த்துத் தருவதாகக் கூறுவோரும் இவ்வகையினரே.

வெளிநாட்டிலேயே படிக்கும் இந்தியர்கள்

2024-25 கல்வியாண்டில் அமெரிக்காவில் 3,63,019 இந்திய மாணவர்கள் இருந்ததாக அந்நாட்டின் 'ஓப்பன் டோர்ஸ்' அறிக்கை கூறுகிறது. இவர்களில் இளநிலை பயில்வோர் சிறுபான்மையினர். அங்கேயே கட்டணம் செலுத்திப் படித்தாலும் ஆர்.இ.யு. விதி அவர்களுக்கும் பொருந்தும். அவர்களுக்கான வழி சொந்தப் பல்கலைக்கழகத்தின் உள்நிதித் திட்டங்கள்தான். எம்.ஐ.டி. 1969இல் இளநிலை ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இத்தகைய திட்டங்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலாகிவிட்டன. குடியுரிமை கேட்காதவை அவற்றில் பல. கல்லூரியைத் தேர்வு செய்யும்போதே இதைக் கேட்டறிவது, தரவரிசைப் பட்டியலைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

உள்நாட்டில் முதற்படி

வெளிநாட்டுத் திட்டங்கள் எல்லாமே முன் அனுபவத்தைக் கேட்கின்றன. அனுபவம் பெறத்தானே விண்ணப்பிக்கிறோம் என்பது மாணவர்களின் நியாயமான குறை. இந்தச் சிக்கலை அவிழ்க்க உதவுபவை உள்நாட்டுத் திட்டங்களே. மூன்று தேசிய அறிவியல் அகாதமிகள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் எல்லாக் கல்லூரி மாணவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும்கூடத் திறந்துள்ளது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூருவின் ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவையும் வெளி மாணவர்களைக் கோடையில் எடுத்துக்கொள்கின்றன. இங்கே எட்டு வாரம் பணியாற்றி, அந்த ஆய்வாளரிடம் பரிந்துரைக் கடிதம் பெற்றவரின் அடுத்த ஆண்டு விண்ணப்பம் வேறு தரத்தில் இருக்கும்.

புதிய நான்காண்டு இளநிலைக் கட்டமைப்பில், முதல் ஆறு பருவங்களில் 75 சதவீத மதிப்பெண் பெற்றவர் நான்காம் ஆண்டில் 'ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்' பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வகுத்தது. இப்பிரிவு மாணவர்களின் ஆய்வுத் திட்டத்தை வெளிநாட்டு ஆய்வகத்தில் செய்ய அனுமதிப்பதா, அதற்கு மதிப்பலகு வழங்குவதா என்பதைப் பல்கலைக்கழகங்கள் தத்தம் ஒழுங்குவிதிகளில் தெளிவாக எழுதிவைப்பது அவசியம். எழுத்தில் விதி இல்லாத இடங்களில் தடையின்மைச் சான்றிதழ் ஒரு துறைத்தலைவரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

அடுத்த கோடைக்கு எண்ணுவோரின் நாட்காட்டி இப்போதே தொடங்கியாக வேண்டும். கடவுச்சீட்டு இல்லாதவர் முதலில் அதற்கு விண்ணப்பிக்கலாம். கனடாவுக்கு செப்டம்பர், ஐரோப்பிய அழைப்புக் கடிதங்களுக்கு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, உள்நாட்டு அகாதமித் திட்டத்துக்கு அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே அறிவிப்பைத் தேடத் தொடங்கலாம், செர்னுக்கு ஜனவரி இறுதி. ஆங்கிலத்தில் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து பெறுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.